பழியை மழைமேல் போட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கனமழையால் பாதாளச் சாக்கடை நிரம்பித் தெருவில் கழிவுநீர் ஓடியது என்று சென்ற வாரம் சேலம் பக்கத்தில் படத்தோடு செய்தி போட்டிருந்தீர்கள். படத்தில் இருந்தது குகைப் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் தெரு. உங்கள் நிருபர் யார் வீட்டுக் கதவையாவது தட்டியிருந்தால், அந்த மேன்ஹோல் பங்குனி வெயிலிலும் பொங்கும் என்று சொல்லியிருப்பார்கள். ஒரு சொட்டு மழை இல்லாத மாசியில் கோலம் போட வாசல் இல்லாமல் நின்றிருக்கிறேன். அப்போது யாரும் படமெடுக்க வரவில்லை.

பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரிலேயே, சாக்கடை பொங்கிய நாளைச் சிவப்புப் பேனாவால் சுழித்து வைப்பேன். பெரும்பாலும் மேட்டூர்த் தண்ணீர் விடுகிற நாளில்தான் சுழி இருக்கிறது. அன்று தெருவே ஒரே நேரத்தில் துணி துவைக்கிறது, தொட்டி கழுவுகிறது. மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் பாதி அடைத்த குழாய் அதைத் தாங்குவதில்லை. மழை நாளில் பொங்குவது வேறு. மொட்டை மாடித் தண்ணீரைப் பாதாளச் சாக்கடையில் இணைத்துவிட்ட வீடுகள் அதற்குக் காரணம். இரண்டையும் ஒன்றாக்கி மழை என்று எழுதிவிட்டால் அடைப்பை எடுக்க வேண்டியவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

மேன்ஹோல் மூடிக்கு அடியில் மாட்டுகிற நீர்மட்ட சென்சார் இதை இரவும் பகலும் பதிவு செய்யும். வெயில் காலத்தில் மட்டம் நாளுக்கு நாள் ஏறினால் அடைப்பு. மழை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எகிறினால் மழைநீர் உள்ளே புகுகிறது. கரண்ட் போனதும் ஏறினால் கழிவுநீரேற்று நிலையத்தில் பம்பு நின்றிருக்கிறது. அமெரிக்காவில் சேலத்தைவிட மிகச் சிறிய சௌத் பெண்ட் நகரில் 2008 முதல் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சென்சார்களை வைத்து, எந்தக் குழாயில் இடம் இருக்கிறதோ அங்கே தண்ணீரைத் திருப்பி, கழிவுநீர் வழிந்து ஆற்றில் கலப்பதைச் சுமார் 70 சதவீதம் குறைத்தார்கள். கருவி மாட்டினால் மட்டும் போதாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 2023 முடிவுக்குள், சாக்கடை நிரம்பினால் கழிவுநீர் ஆற்றிலும் கடலிலும் வழிய விட்டிருக்கும் எல்லா வாய்களிலும் கருவி வைத்துவிட்டார்கள். அந்த ஆண்டு மட்டும் 36 லட்சம் மணி நேரம் கழிவுநீர் வழிந்ததாகக் கணக்கு வந்தது. ஆனால் அந்தக் கணக்கு வெளியே வந்ததால்தான் மக்கள் கேள்வி கேட்க முடிந்தது.

நம் ஊர் 2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. ஈரடுக்குப் பேருந்து நிலையம் திறந்தபோது பக்கம் பக்கமாக எழுதினீர்கள். தரைக்கு அடியில் மட்டம் பார்க்க எத்தனை கருவி, அந்தப் பதிவை யார் பார்க்கிறார்கள் என்று ஒரு வரி கேட்டிருக்கலாமே ஐயா? திருமணிமுத்தாறு நுரைக்கும் படத்தை வருடம் தவறாமல் போடுகிறீர்கள். எந்த ஓடை வழியாக, எந்த நேரத்தில் கழிவு வந்து அந்த ஆற்றில் கலக்கிறது என்று ஒருமுறையும் படித்த நினைவில்லை.

புகார் கொடுத்தால் ‘சரிசெய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வருகிறது. அது வந்த நேரத்தில் கழிவுநீர் எங்கள் படிக்கட்டில் நின்றது. அந்தப் புகார்களிலேயே தேதி, நேரம், தெரு எல்லாம் இருக்கிறது. அதை வரைபடத்தில் குறிக்கப் பெரிய செலவு ஏது?

இன்னொன்று என்னைத் தூங்கவிடுவதில்லை. தெருவெல்லாம் பொங்கிய பிறகுதான் அவசரமாக யாரையாவது குழிக்குள் இறக்கப் பார்க்கிறார்கள். மனிதரைக் கொண்டு கழிவு அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டம் அதைத் தடுக்கிறது. சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நாலு நாள் முன்பே மட்டம் ஏறுவது தெரிந்தால் இயந்திரத்தை அனுப்பி அடைப்பை எடுத்துவிடலாம். ஒரு மனிதரும் உள்ளே இறங்க வேண்டியதில்லை.

முன்பு நான் எழுதிய கடிதத்தை இரண்டு வரியாகச் சுருக்கிப் போட்டீர்கள். இதையும் சுருக்குவதென்றால் கடைசிப் பத்தியை மட்டுமாவது விட்டுவையுங்கள்.

ஏற்காடு, ஓமலூர், ஆத்தூர் என்று மழையளவைக் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள் அல்லவா, அதற்குக் கீழே வாரம் ஒரு நாள், எந்தத் தெருவில் எத்தனை மணிக்குச் சாக்கடை பொங்கியது என்று நாலு வரி போடுங்கள். விவரத்தை வாசகர்கள் நாங்களே எழுதி அனுப்புகிறோம். மழை பெய்யாத வாரத்திலும் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குகை, சேலம்.