எம்.எஸ்ஸி. கணிதத்தில் இரண்டாவது மாறிக்கும் இடம் வேண்டும்

மதுரை வட்டாரக் கல்லூரிகளின் கணிதப் பாடத்திட்டக் குழுவினருக்கு வணக்கம்.

கலப்பெண் பகுப்பாய்வை ஒரு மாறியோடு முடித்துவிட்டால், பல மாறிகளிலும் இதுவேதான் நடக்கும் என்ற எண்ணத்தோடு மாணவர்கள் பட்டம் பெற்றுப் போவார்கள். அது தவறு. பல மாறிகளுக்கென்று பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஓர் அலகைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறோம்.

தொடக்கம் கணிதர் ஹார்டாக்ஸின் 1906 தேற்றம். வண்டியூர் தெப்பக்குளத்தைக் கலப்பெண் தளமாகக் கொள்ளுங்கள். நடுமண்டபத்தின் மையம் சுழி. சுற்றியுள்ள நீர்ப்பரப்பில் மாறியின் தலைகீழ் ஒரு பகுமுறைச் சார்பு, அதாவது எங்கும் கலப்பெண் வகைக்கெழு உள்ள சார்பு. மண்டபத்துக்குள் அது பகுமுறையாகவே நீளாது. இரண்டு மாறிகளில் இப்படி நடுவே ஓட்டை விட்டால், எந்தப் பகுமுறைச் சார்பும் உள்ளே நீண்டு அதை நிரப்பிவிடும்.

இதன் எளிய வடிவத்தை ஒரே வகுப்பில் நிறுவலாம். இரு மாறிகளின் மட்டுகளும் (மாடுலஸ்) 1-க்குக் கீழ். அதோடு முதல் மாறியின் மட்டு 1/2-க்குக் கீழோ, இரண்டாவதன் மட்டு 1/2-க்கு மேலோ இருக்கும் களத்தை எடுங்கள். இரண்டாம் மாறியில் 3/4 ஆரமுள்ள வட்டத்தின்மேல் கோஷி தொகையீட்டை எழுதுங்கள். முதல் மாறி 1/2-க்குள் இருக்கையில் அது பழைய சார்பேதான். மற்றதை, ஒரு பகுதியில் ஒத்துப்போகும் பகுமுறைச் சார்புகள் களம் முழுதும் ஒத்துப்போகும் என்ற முற்றொருமைத் தேற்றம் முடித்துவைக்கும்.

அப்படியானால் எந்தக் களத்தில் சார்பு வெளியே நீளாது? 1910-இல் கணிதர் இ. இ. லெவி விளிம்பைப் பார்க்கச் சொன்னார். களத்தை வரையறுக்கும் மெய்யெண் சார்பு உள்ளே எதிர்மம், விளிம்பில் சுழி; அங்கே அதன் முதல் வகைக்கெழுக்கள் எல்லாம் ஒருசேரச் சுழியாகக் கூடாது. அதை மாறியால் ஒருமுறை, கலப்பெண் இணையால் ஒருமுறை வகையிட்டு அணியை எழுதி, கலப்பெண் தொடுதிசைகளில் மட்டும் மதிப்பிட வேண்டும்; இதுவே லெவி வடிவம். அது விளிம்பில் எங்கும் எதிர்மமாகாவிட்டால் களம் போலிக்குவி, அதாவது சூடோகான்வெக்ஸ்.

சறுக்குவது இங்கேதான். எல்லாத் திசைகளிலும் மதிப்பிட்டால், வரையறுக்கும் சார்பை மாற்றியதும் குறியும் மாறக்கூடும். மெய்யெண் இரண்டாம் வகைக்கெழு அணியைப் போட்டால் சோதிப்பது வெறும் குவிவை. இரு வட்டத் தட்டுகளின் பெருக்கலில் மூலைகள் வழவழப்பாக இல்லை. அங்கே இந்தச் சோதனையே செல்லாது.

பயிற்சிக்கு இரண்டு போதும். ஆரம் 1/2-க்கும் 1-க்கும் இடைப்பட்ட கோள ஓட்டின் உள்விளிம்பில் லெவி வடிவம் எதிர்மம். முதல் மட்டின் வர்க்கமும் இரண்டாவதன் நான்காம் அடுக்கும் சேர்ந்து 1-க்குக் குறையும் களத்திலோ, விளிம்பில் இரண்டாம் மாறி சுழியாகும் புள்ளிகளில் மட்டும் வடிவம் சுழி.

போலிக்குவி என்றாலே சார்பு நீளாத களம்தான் என்ற ஜப்பானியக் கணிதர் ஓகாவின் தேற்றத்துக்கு (இரு மாறிகளுக்கு 1942, பொதுவாக 1953) கூற்று போதும். நிறுவல் இந்த அலகில் அடங்காது. சென்னை லயோலாவில் பயின்ற ராகவன் நரசிம்மன் 1961, 62-இல் இதே சிக்கலைக் கலப்பெண் வெளிகளுக்குத் தீர்த்தார் என்பதையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

தேர்வில் கூற்றை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். ஒரு களத்தைக் கொடுத்து, விளிம்பின் ஒரு புள்ளியில் லெவி வடிவத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள்.