வில்லின் வேக எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள்

ஆசிரியருக்கு,

காம்பவுண்ட் வில் (இரு முனைகளிலும் சுழலும் சக்கரங்கள் கொண்ட நவீன வில்) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது அதன் வேகத்தைத்தான். விளம்பரத்திலும் 'வினாடிக்கு 340 அடி' என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்த எண் 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுப்பு நீளம், 350 கிரெயின் (ஏறத்தாழ 23 கிராம்) அம்பு என்ற கணக்கில் அளந்தது. இழுப்பு ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 10 அடி போய்விடும். இழுவிசை 10 பவுண்டு குறைந்தால் 15 முதல் 20 அடி, அம்பில் 5 கிரெயின் கூடினால் ஒன்றரை அடி. 28 அங்குலம் இழுத்து, 60 பவுண்டில், 400 கிரெயின் அம்பு எய்பவருக்கு அதே வில் 290 அடிக்குக் கீழேதான் நிற்கும். நாணில் பீப் சைட் (குறிபார்க்கும் சிறு துளை வளையம்) கட்டினால் இன்னும் சற்றுக் குறையும்.

இந்த வேகத்துக்காக வில்லின் அமைப்பில் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். ஓய்வில் இருக்கும் நாணுக்கும் கிரிப்பின் (கைப்பிடியின்) ஆழமான இடத்துக்கும் உள்ள இடைவெளியே பிரேஸ் ஹைட். அதை 7 அங்குலத்திலிருந்து 6 ஆக்கினால், நாண் அம்பைத் தள்ளும் தூரம் ஓர் அங்குலம் கூடும், வேகமும் கூடும். ஆனால் பிழை பொறுக்கும் குணம் குறையும். 'அம்பு நாணில் கூடுதல் நேரம் இருக்கிறது, அதனால்தான்' என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது. நாணை விட்டுப் பிரியும் தறுவாயில் அம்பு வினாடிக்கு 85 மீட்டர் அளவில் பாய்கிறது. ஓர் அங்குலத்தைக் கடக்க அதற்கு ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு போதும். அதற்குள் கை என்ன கெடுத்துவிட முடியும்?

கோளாறு ரைசரின் (கைப்பிடியுள்ள நடுப்பகுதியின்) வடிவத்தில் இருக்கிறது. பிரேஸ் ஹைட்டைக் குறைப்பதற்காக, லிம்புகள் (வில்லின் வளையும் கைகள்) பொருந்தும் இடங்களைவிட கிரிப்பை எய்பவர் பக்கம் தள்ளிவைக்கிறார்கள். இது ரிஃப்ளெக்ஸ் அமைப்பு. வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினால் கோணிக்கொண்டு போவதுபோல, இதில் உள்ளங்கையின் சிறு முறுக்கும் வில்லைத் திருப்பிவிடும். கிரிப் முன்னே இருக்கும் டிஃப்ளெக்ஸ் வில் அவ்வளவு எளிதில் திரும்பாது.

லாபமும் நட்டமும் எவ்வளவு? 30 மீட்டருக்குக் குறி அமைத்து, இலக்கு 32 மீட்டரில் இருந்தால், 270 அடி வேகத்தில் அம்பு சுமார் 4.6 செ.மீ. தாழும், 300 அடி வேகத்தில் 3.8 செ.மீ. மிச்சம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அதே 30 மீட்டரில், அம்பின் திசை ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு விலகினாலே 5 செ.மீ. தள்ளி விழும். தூரத்தைக் கண்ணால் கணிக்க வேண்டிய போட்டிகளில் வேகம் கைகொடுக்கும் என்பது உண்மைதான். காம்பவுண்ட் இலக்குப் போட்டியிலோ தூரம் 50 மீட்டர் என்று முன்கூட்டியே தெரியும். உலக வில்வித்தை விதிப்படி அதில் 60 பவுண்டுக்கு மேல் இழுவிசை கூடாது.

வேகத்துக்காக அமைத்த முரட்டுக் கேம்களிலும் (வில் முனைகளில் உள்ள சக்கரங்கள்) இதே கதைதான். உச்ச விசை சீக்கிரமே ஏறி, வெகுநேரம் தங்கும். முழு இழுப்பில் விசை தணியும் இடம் குறுகலாக இருக்கும். கொஞ்சம் தளர்ந்தாலும் வில் கையைப் பிடுங்கிக்கொண்டு முன்னே போகும். மேல் சக்கரத்தின் அச்சிலிருந்து கீழ்ச் சக்கரத்தின் அச்சுக்கு 30 அங்குலமே உள்ள குட்டை வில்லில் நாண் கூர்மையாக மடங்குவதால், மூக்கு நுனியில் நாணைத் தொட்டுப் பார்வையை நிலைநிறுத்துவதும் கடினம்.

ஐந்தடி வேகத்துக்காக இழுப்பு நீளத்தை அரை அங்குலம் கூட்டி வைத்துக்கொள்பவர்கள் பலர். வில் பிடித்த கை விறைத்து, நாண் முன்கையில் அறையும், அம்புகள் சிதறும். அம்பை மிக இலேசாக்குவது அதைவிட ஆபத்து. இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 5 கிரெயினுக்குக் கீழே போனால், அம்பில்லாமல் நாணை விடுவதற்குச் சமம்: லிம்ப் விரிசல் விடலாம், நாண் அறுந்து முகத்தில் அடிக்கலாம்.

புதிதாக வாங்குபவர் 7 அங்குலம் அல்லது அதற்கு மேல் பிரேஸ் ஹைட்டும், அச்சுக்கு அச்சு 34 அங்குலத்துக்குக் குறையாத நீளமும் உள்ள வில்லைப் பார்ப்பது நல்லது. வாங்கும் முன் 20 மீட்டரில் மூன்று அம்புகளை இயல்பாகவும், மூன்றைக் கிரிப்பை இலேசாக இடப்புறம் முறுக்கியும், மூன்றை வலப்புறம் முறுக்கியும் எய்து பாருங்கள். இரண்டு வில்களை இப்படிச் சோதித்தால், எதில் ஒன்பது அம்புகளும் நெருங்கி விழுகின்றனவோ அதையே எடுங்கள்.

இப்படிக்கு,
வில்வித்தைப் பயிற்சியாளர் ஒருவர்