175 அடி வேர் எந்த மரத்துடையது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த சீமைக்கருவேலம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மரத்தை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் பரமக்குடிக்காரன், அது கண்மாய்க்குள் புகுந்த கதையைக் கண்ணால் பார்த்தவன். ஆனால் அதன் வேர் 175 அடி வரை போகும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை அப்படியே விட மனம் வரவில்லை. முப்பது வருஷம் தாவரவியல் நடத்திய பழக்கதோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 175 அடி நம்மூரில் அளந்தது அல்ல. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகருக்கு அருகே திறந்தவெளிச் சுரங்கம் தோண்டியபோது 53 மீட்டர் ஆழத்தில் வேர்கள் தென்பட்டன. 1963-ல் அது ஆய்விதழில் வெளியானது. மரத்தின் பெயர் ‘புரோசோபிஸ் ஜூலிஃபுளோரா’ என்று போட்டிருந்தார்கள். நம்மூர் சீமைக்கருவேலத்துக்கும் அதே பெயர்தான். பிறகென்ன, எண் கப்பலேறி இங்கே வந்துவிட்டது.

குழப்பம் பெயரில்தான் இருக்கிறது. 1788-ல் சுவார்ட்ஸ் என்ற தாவரவியலாளர் ஜமைக்கா மரம் ஒன்றுக்கு ‘ஜூலிஃபுளோரா’ என்று பெயர் வைத்தார். பிற்பாடு வந்தவர்கள் டெக்ஸாஸ், அரிசோனா பாலைவனங்களில் நிற்கும் மெஸ்கீட் மரங்களையும் அந்தப் பெயருக்குள்ளேயே அடக்கி, அதன் வகைகள் என்றார்கள். கிளாண்டுலோசா ஒரு வகை, டோரியானா ஒரு வகை, வெலூட்டினா ஒரு வகை. 1962-ல் ஜான்ஸ்டன் என்பவர் இவற்றை ஜூலிஃபுளோராவிலிருந்து திரும்பவும் பிரித்தார். 1976-ல் அர்ஜென்டினாவின் தாவரவியலாளர் புர்கார்ட், புரோசோபிஸ் என்ற பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) முழுவதையும் அலசி 44 இனங்களாக வகுத்தபோது அந்தப் பிரிவினை உறுதிப்பட்டது. டூசான் பக்கத்துப் பாலைவனத்தில் இயல்பாக வளர்வது வெலூட்டினா, அதாவது வெல்வெட் மெஸ்கீட். சுரங்க அறிக்கை பழைய பெயரிலேயே நின்றுவிட்டது.

‘எல்லாம் ஒரே குட்டைதானே, என்ன பெரிய வித்தியாசம்’ என்று கேட்கலாம். மகள் அரிசோனாவில் இருப்பதால் அந்த மரத்தோடு எனக்கு நாலு மாதப் பழக்கம் உண்டு. முதல் நாள் பார்த்தபோது நானும் ‘அட, நம்ம கருவை இங்கேயும் வந்துவிட்டதா’ என்றுதான் சொன்னேன். இலையைக் கிள்ளி உதட்டில் தேய்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. வெல்வெட் மெஸ்கீட்டின் சிற்றிலையில் (ஒரே காம்பில் வரிசையாக நிற்கும் குட்டி இலைகளில் ஒன்று) மென்மயிர் அடர்ந்திருக்கும். பெயரே அதனால் வந்தது. சிற்றிலை ஒரு சென்டிமீட்டர் அளவுதான், நெருக்கமாக அடுக்கியிருக்கும். நம்மூர் மரத்தின் சிற்றிலை ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை இருக்கும், பெரும்பாலும் மயிர் இல்லாமல் வழவழப்பாக. டெக்ஸாஸின் கிளாண்டுலோசா இன்னும் நீளம். இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை, இடைவெளி விட்டு, தீக்குச்சிகளை வரிசையாக ஒட்டியது போல் தெரியும். டோரியானாவும் கிளாண்டுலோசா போலத்தான், சிற்றிலை மட்டும் குட்டை. அப்புறம், குளிர்காலத்தில் வெல்வெட் மெஸ்கீட் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும், உறைபனியையும் தாங்கும். நம்மூர் மரம் உறைபனி பட்டால் கருகிவிடும்.

ஒரே ஒரு இலையை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் கிளையில் இலையும் முள்ளும் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் வளரும் இனங்கள் கலப்பாகவும் செய்யும். முதிர்ந்த மரத்தின் நாலைந்து கிளைகளிலிருந்து இலை எடுத்து, அளவுகோல் வைத்துப் பார்ப்பதுதான் நல்லது.

நம்மூர் மரத்தின் வேர் ஆழமாகப் போகாது என்று நான் சொல்ல வரவில்லை. போகும். எத்தனை அடி என்று எழுத வேண்டுமானால் இங்கே தோண்டி அளந்த கணக்கை எழுதுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

‘பெரு நாட்டில் இதே மரத்தின் நெற்றிலிருந்து பாகு காய்ச்சிச் சாப்பிடுகிறார்கள், நாம் கரிமூட்டம் மட்டும் போடுகிறோம்’ என்றும் கட்டுரையில் ஆதங்கப்பட்டிருக்கிறார். அந்தப் பாகு ‘பல்லிடா’ என்ற மரத்தின் நெற்றிலிருந்து வருவது. ஜூலிஃபுளோராவுக்கு நெருங்கிய பங்காளி. வேறுபடுத்துவது மேலே சொன்னவற்றைவிடக் கடினம். பல்லிடாவின் சிற்றிலை பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரைத் தொடாது, சாம்பல் பூத்த பச்சையாக இருக்கும். உயிரணுவில் குரோமோசோம் எண்ணிக்கை பல்லிடாவுக்கு 28, ஜூலிஃபுளோராவுக்கு 56. வெளிநாட்டுச் சமையல் குறிப்பைப் பார்த்து யாரும் கண்மாய்க்கரை நெற்றைப் பாகு காய்ச்சக் கிளம்புமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொன்று. நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியைச் சீமைக்கருவேலத்தின் ‘உடன்பிறப்பு’ என்று எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே புரோசோபிஸ் பேரினத்தில்தான் இருந்தன; 2022-ல் தாவரவியலாளர்கள் அந்த உறவையும் பிரித்துவிட்டார்கள். லின்னேயஸ் 1767-ல் புரோசோபிஸ் என்று பெயர் வைத்ததே வன்னிக்குத்தான் என்பதால் பெயர் அதனோடு தங்கிவிட்டது. சீமைக்கருவேலம் இப்போது ‘நெல்டுமா’ என்ற பேரினத்தில் சேர்ந்துவிட்டது. முள்ளைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். சீமைக்கருவேலத்தின் முள் இலை முளைக்கும் கணுவில் இருக்கும், பெரும்பாலும் இரட்டையாக. வன்னியின் முள் கணுக்களுக்கு இடையே சிதறிக் கிடக்கும்.

கடைசியாக அந்தப் படம். கட்டுரைக்கு நடுவே, மஞ்சள் நிறத்தில் உருண்டை உருண்டையாகப் பூத்து, மணி கோத்தது போல இடையிடையே சுருங்கிய காய்களோடு ஒரு மரத்தைப் போட்டு ‘சீமைக்கருவேலம்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது நாட்டுக் கருவேலம். சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளக் கதிராக வரும், உருண்டையாக இராது. எங்கள் பக்கம் கண்மாயில் சீமைக்கருவேலத்தை அகற்றும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் இதழைக் காட்டி ஜேசிபிக்காரரிடம் ‘இந்த மரம்தான்’ என்று யாராவது சொல்லிவிடப் போகிறார்கள். திருத்தத்தை அடுத்த இதழிலேயே, சரியான படத்தோடு வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர்,
பரமக்குடி