தபால்காரனுக்கு வயதாகட்டும்

ரிஜைனா, கனடா,
அக்டோபர் கடைசி

அன்புள்ள சண்முகம்,

உனக்கு ஒரு வரி எழுதி ஏழு மாதம் ஆகிறது. நடுவில் போனில் பேசியதையெல்லாம் நான் கணக்கில் சேர்க்கவில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள், முழங்கால் மட்டும் குளிர் வரும்போது முரண்டு பிடிக்கிறது. மாலதிக்கு வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. சின்னவனுக்கு எந்நேரமும் ஹாக்கிதான். செல்வி அக்கா வீட்டு விசேஷத்துக்கு நான் வராததற்கு உனக்கும் சேர்த்துத் திட்டு விழுந்திருக்கும், வாங்கிக்கொண்டதற்கு நன்றி. சரி, விசாரிப்பு முடிந்தது.

போன மாதம் நீ அனுப்பிய குரல் செய்தியை நாலைந்து தடவை கேட்டுவிட்டேன். "இனிமேல் மேடை வேண்டாம்டா. சீரியலில் தாத்தா வேஷத்துக்குக் கூப்பிடுகிறார்கள், ஊஞ்சலில் உட்கார்ந்து இருமினால் சம்பளம் கொடுக்கிறார்கள். முப்பது வயதுக்குள் செய்ததை அறுபதில் செய்தால் சிரிப்பார்கள்." இதை நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டாய். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சீரியலில் தாத்தாவாக நடிப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கடைசி வாக்கியம்தான் உறுத்துகிறது. அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ரூலோவுக்குப் போய்வந்த பிறகுதான் என்ன சொல்வது என்று பிடிபட்டது.

ரூலோ இங்கிருந்து காரில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். சின்ன ஊர். சுற்றிலும் சமவெளி, அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கிறது. நம் ஊர்க் கடைகளுக்கு வரும் மைசூர்ப் பருப்பு நிறைய இந்த மாகாணத்திலிருந்துதான் கப்பல் ஏறுகிறது. நீ இங்கே வந்திருந்தபோது இரண்டு ராத்திரி கண் விழித்துப் பார்த்தாயே, 'கார்னர் கேஸ்' என்ற டிவி சிரிப்புத் தொடர், அதை எடுத்த ஊர் இது. தொடரில் இதற்கு டாக் ரிவர் என்று பெயர். பக்கத்து ஊரின் பெயரை யாராவது சொன்னால் எல்லோரும் சேர்ந்து தரையில் துப்புவார்களே, அதைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியதும் நீயும் நம் நண்பன் 'மீசை'யும் யார் பெயருக்குத் துப்பினீர்கள் என்பது எனக்கு மறக்கவில்லை.

இப்போது அங்கே பார்க்க எதுவும் இல்லை. பெட்ரோல் பங்கும் காபிக் கடையுமாகப் போட்டிருந்த செட்டை 2016 நவம்பரில் இடித்துவிட்டார்கள். தொடரில் எம்மாவாக நடித்த ஜேனட் ரைட் காலமானதும் அதே மாதத்தில்தான். 'டாக் ரிவர்' என்று எழுதிய மரத் தானியக் கிடங்கு ஒன்று தூரத்திலிருந்தே தெரியும்படி உயரமாக நின்றது. 2021 நவம்பரில் அதுவும் எரிந்துபோனது. வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நான் அரை மணி நேரம் காற்றில் நின்றேன். மாலதி காரைவிட்டு இறங்கவே இல்லை.

அங்கே நிற்கும்போது மனசில் வந்தது அந்தத் தொடரின் ஆஸ்கர் கிழவன்தான். வாயைத் திறந்தால் 'ஜாக்ஆஸ்' என்பான். பெரியப்பா நம்மைக் 'கழுதை' என்பாரே, சொல்லும் அதுவே, தொனியும் அதுவே. அந்த வேஷம் போட்ட எரிக் பீட்டர்சன் பிறந்ததும் இந்தச் சமவெளியில்தான், 1946இல், ரிஜைனாவுக்குக் கிழக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் இண்டியன் ஹெட் என்கிற ஊரில். தொடர் 2004 ஜனவரியில் தொடங்கியபோது அவருக்கு 57 வயது. 2009 ஏப்ரல் வரைக்கும் 107 பகுதிகள். உலகத்தின் மேல் உள்ள கோபத்தையெல்லாம் முகவாயிலேயே வைத்திருக்கும் ஒரு கிழவனாக அத்தனை வருஷம் நடித்தார், ஒரு தடவைகூடச் சலிப்புத் தட்டவில்லை. நீ சொல்லும் ஊஞ்சல் தாத்தா வேஷத்தை இவ்வளவு கௌரவமாகவும் செய்யலாம், அதைத்தான் முதலில் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் 1987இலிருந்து 1994 வரை 'ஸ்ட்ரீட் லீகல்' என்ற தொடரில் லியான் என்கிற வக்கீல். இந்த நாட்டில் அந்த வயதுக்காரர்களைக் கேட்டால் அவரை வக்கீலாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் உன்னிடம் நான் பேச வேண்டியது அவருடைய மேடையைப் பற்றி.

1970களில் அவர் வான்கூவரிலும் டொராண்டோவிலும் குழு நாடகங்களில் இருந்தார். டொராண்டோவின் தியேட்டர் பாஸ் முரை என்ற நாடகக் குழுவில், நடிகர்களே ஊர் ஊராகப் போய் ஜனங்களோடு பேசி, கேட்டதை வைத்து நாடகம் கட்டுகிற காலம் அது. நம் தெருமுனை நாட்கள் உனக்கு ஞாபகம் வரும். அந்த வட்டாரத்தில் பியானோவும் வாசித்து நாடகமும் எழுதுகிற ஜான் கிரே என்ற நண்பரோடு சேர்ந்தார். 1978இல் வான்கூவரில் இருவரும் 'பில்லி பிஷப் கோஸ் டு வார்' நாடகத்தைப் போட்டார்கள். மேடையில் இரண்டே பேர். கிரே பியானோவில், பீட்டர்சன் மற்ற எல்லாமாக.

பில்லி பிஷப் நிஜமான ஆள். ஒண்டாரியோவின் ஓவன் சவுண்ட் ஊர்க்காரர், முதல் உலகப் போரின் விமானி. எதிரி விமானம் 72ஐ வீழ்த்தியதாகக் கணக்கு. அவருடைய சாகசங்களில் சிலவற்றுக்குச் சாட்சி இல்லை என்ற சர்ச்சை பின்னால் வந்தது. 1982இல் அதைப் பற்றி வந்த ஒரு படத்தில் இந்த நாடகத்தின் காட்சிகளையும் சேர்த்திருந்தார்கள். அந்தப் படத்தை இந்த நாட்டு செனட்டே கூப்பிட்டு விசாரித்தது. நாடகமோ பிஷப்பை வீரனாகவும் தூக்கவில்லை, பொய்யனாகவும் தள்ளவில்லை. ராணுவப் பள்ளியில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட ஒரு பையன், குதிரைப்படையின் சேற்றிலிருந்து தப்பிக்க ஆகாயத்துக்குப் போகிறான், அங்கே தனக்குக் கொல்லத் தெரிகிறது என்று கண்டுபிடிக்கிறான். இதைச் சொல்ல பீட்டர்சன் 18 பேராக மாறுகிறார். லண்டன் சீமாட்டி, இரவு விடுதிப் பாடகி, பதக்கம் குத்துகிற ராஜா எல்லாமே அவர்தான். வேஷம் மாற்ற உள்ளே போகிற வேலையே இல்லை, தோளும் கழுத்தும் குரலும் மாறினால் ஆள் மாறிவிடும். நீ துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிப் போட்டால் பண்ணையார் மறைந்து பண்ணையார் சம்சாரம் வருவாளே, அதே வித்தை.

கனடா முழுக்க இதற்கு வரவேற்பு. 1980இல் அமெரிக்க இயக்குநர் மைக் நிக்கல்ஸ் முதலானவர்கள் பொறுப்பேற்று நியூயார்க் பிராட்வேக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எத்தனை காட்சி ஓடியது தெரியுமா? 12. நாமாக இருந்தால் பெட்டியைக் கட்டியிருப்போம். அவர்கள் அதே ஊரில் ஒரு சின்ன அரங்கத்துக்கு மாற்றிக்கொண்டு தொடர்ந்து நடத்தினார்கள்.

இதற்கு மேல்தான் கவனமாகப் படி. 1998இல் அதே இரண்டு பேர் அதே நாடகத்தை மறுபடி போட்டார்கள். 2009இல் டொராண்டோவின் சோல்பெப்பர் அரங்கில் இன்னொரு தடவை. அப்போது பீட்டர்சனுக்கு 62. இளம் விமானியாக வேஷம் கட்டிக்கொண்டு வரவில்லை. பைஜாமாவும் வீட்டு அங்கியுமாக ஒரு கிழவன் வந்து நிற்கிறான், தன் வாலிபத்தைச் சொல்கிறான். அதை வைத்து 2010இல் வந்த படத்தை நான் மூன்று தடவை பார்த்தேன். எதிரி விமானம் காற்றிலேயே பிய்ந்து, அதிலிருந்து இரண்டு பேர் விழுவதைச் சொல்கிற இடம் ஒன்று வரும். முப்பது வயது நடிகன் சொன்னால் அது போர்க்களத்தில் பார்த்த பயங்கரம். அறுபது வயதுக்காரன் வாயில் வரும்போது, இத்தனை வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் அந்த இரண்டு பேரும் விழுந்துகொண்டே இருந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. வசனம் எழுதியபோது கிரேவுக்கே இது தெரிந்திருக்காது. பியானோவில் அவருக்கும் வயதாகியிருந்தது, குரல் கனத்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதி அழுகை நம் இரண்டு பேருக்காக.

சண்முகம், நம் நாடகத்துத் தபால்காரனுக்கு இப்போது என்ன வயது இருக்கும்? 1989இல் நீ அவனை நடித்தபோது உனக்கு 24, நரைக்குப் பவுடர் பூசிக்கொண்டு பதினொரு பேராக மாறினாய். மகன் செத்த தந்தியை அந்தக் கிழவியிடம் படித்துக் காட்ட முடியாமல், 'பையன் சுகமாக இருக்கிறானாம், பணம் அனுப்புகிறானாம்' என்று பொய் படிப்பாயே, அந்த இடத்தில் நீ எப்போதும் ஒரு சிட்டிகை அதிகமாக அழுவாய். நான் ஹார்மோனியத்தில் சுதியைக் கூட்டி உன்னை மூடுவேன். இப்போது நீ அழவே வேண்டியதில்லை. அந்தப் பொய்யை முப்பத்தைந்து வருஷம் சுமந்த ஒருவன் எப்படிச் சொல்வான் என்று யோசி. தந்தி என்பதே 2013இல் நின்றுபோய்விட்டது. முன்வரிசையில் உட்காரும் பிள்ளைகளுக்கு அது என்ன என்று முதலில் சொல்ல வேண்டியிருக்கும், அதுவும் நாடகத்துக்குள்ளேயே வரட்டும்.

நான் யோசித்து வைத்திருப்பது இது: அவன் ஓய்வுபெற்றுவிட்டான். பென்ஷன் விஷயமாகத் தபால் நிலையத்து வரிசையில் நிற்கிறான். உள்ளே இருக்கும் பையனுக்கு இவன் யாரென்று தெரியாது. வரிசை நகரவில்லை. பக்கத்தில் நிற்பவனிடம் பேச ஆரம்பிக்கிறான். அவ்வளவுதான் ஆரம்பம். உனக்குக் கால் வலித்தால் உட்கார ஒரு பெஞ்ச் போடுவோம், வலியை மறைக்காதே. சிரிப்பார்கள் என்றாய். முதல் பத்து நிமிஷம் சிரிக்கட்டும், அந்த நாடகமே அப்படித்தான் ஆரம்பிக்கும்.

சீரியல் வேலையை விடச் சொல்லவில்லை, தேதி மட்டும் பார்த்துக்கொள். ஜனவரி இரண்டாவது வாரம் வருகிறேன், ஐந்து வாரம் இருப்பேன். மாலதியிடம் சொல்லியாகிவிட்டது, அவளுக்குச் சந்தோஷம்தான். ஹார்மோனியம் மீசை வீட்டுப் பரணில் இருக்க வேண்டும். துருத்தி கிழிந்திருந்தால் மேலக்கோபுரத் தெருவுக்கு எடுத்துப் போகாதே, போன தடவை அங்கே ஒருவர் ரீடு இரண்டைக் கெடுத்துவிட்டார், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். காக்கித் தொப்பியை மட்டும் இன்றைக்கே தேடி வெயிலில் காயவை. நோட்டுப் புத்தகம் உன்னிடம் இல்லையென்றால் கவலைப்படாதே, முதல் இருபது பக்கம் எனக்கு மனப்பாடமாக இருக்கிறது, நேற்று பஸ்ஸில் சொல்லிப் பார்த்தேன்.

பதிலைக் கையால் எழுதி அனுப்பு, குரல் செய்தி வேண்டாம்.

உன்
ராஜு