துளைகளை அடைக்காதீர்கள்: பழைய லேப் ஸ்டீல் கிட்டார் பற்றி ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரணில் கிடக்கும் பழைய மர இசைக்கருவிகளைத் தின்னரால் துடைத்து, உப்புத்தாள் போட்டு, ஓட்டைகளை மக்கு வைத்து அடைத்து, வார்னிஷ் அடித்தால் சுவரில் மாட்டலாம் என்று தங்கள் ஞாயிறு இணைப்பின் வீட்டுக்குறிப்பு சொல்கிறது. நாற்காலிக்கு அது பொருந்தும். படத்தில் காட்டியிருந்த கருவி லேப் ஸ்டீல் கிட்டார். நம் பக்கத்தில் ஹவாயன் கிட்டார் என்பார்கள். அதற்கு இந்த வைத்தியம் செய்தால் அது எந்த ஊர்ச் சரக்கு, எந்தக் காலத்துச் சரக்கு என்று சொல்ல மிஞ்சியிருக்கும் சாட்சியும் அழிந்துபோகும்.

மடியில் கிடத்தி, தந்திமேல் இரும்புக் கட்டையை ஓட்டி வாசிக்கும் கருவி இது. திருவிடைமருதூர் சகாராம ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் என்று இதேபோல் கட்டையை ஓட்டி வாசிக்கும் கோட்டுவாத்தியத்துக்குப் பேர் வாங்கித் தந்த மண்ணில் இதற்குமேல் விளக்கம் வேண்டாம். கட்டமைப்பில்தான் வேறுபாடு: குடம் கிடையாது, கனத்த பலகையும் அதில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒரு காந்தப் பிக்கப்பும் மட்டுமே. பிக்கப், தந்தி முறுக்கும் கீ, தந்தியைத் தாங்கும் குதிரை, வால்யூம் எல்லாவற்றையும் கழற்றி வேறு கிட்டாருக்குப் போட்டுவிட்டு, மிச்சப் பலகையை மூலையில் சாத்திவைப்பது வழக்கம். பழைய சாமான் கடைக்கு இது 'உடைந்த கிட்டாராக' வந்து சேர்கிறது.

கையில் கிடைத்ததும் துடைப்பதற்கு முன் படம் எடுங்கள்: முன், பின், பக்கம், ஒவ்வொரு குழியின் உள்புறம். பிறகு இது உண்மையிலேயே லேப் ஸ்டீல்தானா என்று பாருங்கள். சாதாரணக் கிட்டாரில் தலைப்பக்கத்தில் தந்தி படியும் மேருவை மட்டும் உயர்த்தி ஹவாயன் ஆக்கியவை நிறைய உண்டு. கழுத்தின் பின்புறம் உருண்டு, மெட்டுக் கம்பி பதித்த வெட்டு இருந்தால் அது சாதாரணக் கிட்டார். கழுத்து கட்டையாக, சதுரமாக, மெட்டு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு மட்டும் இருந்தால் லேப் ஸ்டீல். கீ போட்ட துளைகளை எண்ணுங்கள். ஆறு பொதுவானது, ஏழும் எட்டும் உண்டு.

அடுத்து உடல். வார்ப்பு அலுமினியத்தில் வாணலி வடிவில் ஒரே துண்டாக இருந்தால் அமெரிக்காவின் ரிக்கன்பேக்கர் நிறுவனத்து வகை. 1932-இல் விற்பனைக்கு வந்த அதுதான் கடைக்கு வந்த முதல் மின் கிட்டார்களில் முக்கியமானது. அலுமினியம் மேடை விளக்குச் சூட்டில் சுருதி விலகியதால் 1935-இல் அதே நிறுவனம் பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்குக்குப் போனது. கருப்புப் பலகையைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் கார்பாலிக் நெடி வருமானால் அது பேக்கலைட். திருகை இறுக்கினால் விரிசல் விடும், எச்சரிக்கை. இந்தக் கருவிகளில் தந்திகளின் மேல் வளைந்து நிற்கும் லாட வடிவக் காந்தம் இரண்டாம் உலகப் போருக்கு முன் ஒன்றரை அங்குல அகலம், போருக்குப் பின் ஒன்றேகால் அங்குலம். ஸ்கேல் வைத்து அளந்தால் தீர்ந்தது.

மேலே முத்துப்போல் மின்னும் பிளாஸ்டிக் தோல் ஒட்டியிருந்து, தலையின் பின்புறம் சிறிய தகடு ஆணியடித்த இரு துளைகள் தெரிந்தால், சிகாகோவின் வால்கோ தயாரிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நேஷனல், சூப்ரோ முதலிய பெயர்களில் விற்றவை அங்கிருந்து வந்தவைதான். அந்தத் துளைகளைத்தான் மக்கு வைத்து அடைக்கச் சொல்கிறது தங்கள் குறிப்பு! அதைவிட ஆபத்து தின்னர். அந்த முத்துத் தோல் செல்லுலாய்டு. தின்னரில் கரையும், தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். சால்டரிங் அயர்னைப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

ஃபெண்டர் நிறுவனத்தின் சாம்பியன் என்ற லேப் ஸ்டீல் 1949 முதல் 1955 வரை வந்தது. அதன் பிக்கப்பிலிருந்துதான் அவர்களின் டெலிகாஸ்டர் கிட்டாருடைய குதிரைப் பக்கத்துப் பிக்கப் பிறந்தது. ஒற்றைக் கோட்டுத் தலை திருகு இருக்கிறதா, ஸ்டார் தலை திருகு இருக்கிறதா என்பதும் அந்த நிறுவனத்தின் 1950களின் தொடக்கக் காலத்தைப் பிரித்துக்காட்டும். டெய்ஸ்கோ, குயாடோன் போன்ற ஜப்பான் கருவிகளில் மில்லிமீட்டர் மரை இருக்கும், அமெரிக்கக் கருவிகளில் அங்குல மரை. பாதி ஏறி இறுகினால் திருப்பிக்கொண்டே போகாதீர்கள், மரை போய்விடும்.

வால்யூம் கண்ட்ரோல் மட்டும் தப்பியிருந்தால் அதிர்ஷ்டம். அதன் முதுகிலோ விளிம்பிலோ எண்கள் குத்தியிருக்கும். 137 என்று தொடங்கினால் அதைச் செய்தது சிடிஎஸ் நிறுவனம், 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த ஒன்றோ இரண்டோ இலக்கம் ஆண்டு, கடைசி இரண்டு வாரம். 1376632 என்றால் 1966-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரம். 304634 என்றால் 1946-ஆ 1956-ஆ என்பதை மற்ற அடையாளங்களை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். இந்த எண், கருவி அதற்கு முன் செய்யப்படவில்லை என்று மட்டுமே சொல்லும். சால்டர் பிற்காலத்தில் கலைக்கப்பட்டிருந்தால் அந்தச் சாட்சியும் செல்லாது. 'முப்பதுகளின் கருவி' என்று விலை சொல்பவரிடம் முதலில் இந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

குதிரை இல்லாத பலகையில் அதன் இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். மேருவின் உள்விளிம்பிலிருந்து 12-ஆம் கோடு வரை அளந்து இரட்டிப்பாக்கினால் குதிரையின் இடம். மேருவிலிருந்து குதிரை வரை 22½ அங்குலம் உள்ள கருவியில் முதல் கோடு மேருவிலிருந்து 32 மி.மீ., 12-ஆவது 286 மி.மீ. பலகையின் மேல்தோல் பாதிதான் மிஞ்சியிருக்கிறது என்றால் முதல் கோட்டின் தூரத்தை 17.817-ஆல் பெருக்குங்கள், மேருவிலிருந்து குதிரைக்கு உள்ள தூரம் வரும். கட்டையை ஓட்டி வாசிப்பதால் சாதாரணக் கிட்டார்போலக் குதிரையைச் சாய்த்து வைக்கும் வேலை இல்லை.

பழைய குதிரை கிடைக்காவிட்டால் அலுமினியக் கதவு செய்யும் கடையில் முக்கால் அங்குல எல் ஆங்கிள் துண்டு வாங்குங்கள். குதிரைக்கு ஒன்று, மேருவுக்கு ஒன்று. தந்தி பலகைக்கு மேல் ஏறத்தாழ 10 மி.மீ. உயரத்தில் நிற்கவேண்டும். தந்திகளுக்கு இடையே மேருவில் 8 முதல் 9, குதிரையில் 9 முதல் 10 மி.மீ. தடித்த தந்தியின் பள்ளத்தைச் சற்று ஆழமாக அராவினால்தான் ஆறு தந்திகளின் மேல்முகமும் ஒரே மட்டமாகும். இதைச் செய்யாமல் விட்டால் கட்டை இரண்டு தந்தியில் உட்காரும், மூன்றாவதில் கரகரக்கும். பலர் இதைப் பிக்கப் கோளாறு என்று நினைத்து நல்ல பிக்கப்பைக் கழற்றிவிடுகிறார்கள். ஆறு தந்தியும் சேர்ந்து இழுப்பது 60 கிலோவுக்கு மேல். ஆகவே குதிரையை இரண்டு சிறு திருகில் நிறுத்தாதீர்கள். பழைய துளைகளையே பயன்படுத்துங்கள். திருகு லூசானால் மூங்கில் சீவலை வச்சிரப் பசை தடவிச் செருகினால் பிடிக்கும், பின்னால் எடுக்கவும் முடியும். ஆனால் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் 2018 கஜா புயலில் நனைந்த கருவிகளில் வச்சிரம் ஊறி இளகியிருக்கலாம். ஒட்டுகளைக் கையால் அசைத்துப் பார்க்காமல் தந்தி ஏற்றக்கூடாது.

பிக்கப் இருந்து சத்தம் வராவிட்டால் மல்டிமீட்டரை 20 கே (20 கிலோ ஓம்) அளவில் வையுங்கள். 5 முதல் 10 கிலோ ஓம் வரை காட்டினால் காயில் பெரும்பாலும் நலம். ஒன்றும் காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. கடலோர உப்புக்காற்றில் பச்சை பூத்து அறுவது வழக்கமாக உள்ளே அல்ல, காயில் கம்பி வெளி வயரோடு சேரும் முனையில். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால் அநேகமாக அங்கேயே கிடைக்கும். எனாமலை மெல்லச் சுரண்டி, சால்டர் பூசி இணைக்கலாம். காயிலே போயிருந்தால் மோட்டார் காயில் கட்டும் கடையில் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் கைபழகிய கம்பி வேறு. இதற்குப் பெரும்பாலும் வேண்டியது 42 அமெரிக்க கேஜ், 0.063 மி.மீ., நம்மூர்க் கணக்கில் 46 கேஜுக்கு மிக நெருக்கம். 7,000 முதல் 9,000 சுற்று வரை. இழுவை சற்று கூடினாலும் அறுந்துபோகும். சுற்றியபின் நான்கு பங்கு பாரஃபினும் ஒரு பங்கு தேன்மெழுகும் சேர்த்து, நீராவிச் சூட்டில் 65 டிகிரி அளவில் முக்கி எடுத்தால் கீச்சல் நிற்கும். தேன்மெழுகு தஞ்சாவூர் வீணை செய்பவர்களிடமே இருக்கும். மெட்டு பதிக்க அவர்களுக்கு அது அன்றாடப் பொருள். லாடக் காந்தத்தைக் கழற்ற நேர்ந்தால் இரு முனைகளையும் இணைத்து ஒரு இரும்புத் துண்டை வைத்திருங்கள். அது இல்லாமல் கிடந்தால் பழைய காந்தம் சக்தி இழக்கும்.

வால்யூமுக்கு 250 கே அல்லது 500 கே, லாக் வகை. ரேடியோ கடையில் 470 கே கிடைத்தாலும் போதும். 10 கே கொடுத்தால் வாங்காதீர்கள். பிக்கப்பின் மேல் சுமையாகி ஒலி அமுங்கி, மேல் ஸ்வரங்கள் மங்கும். டோனுக்கு 473 என்று அச்சிட்ட கண்டென்சர். குதிரையிலிருந்து ஒரு வயர் எர்த்துக்குப் போகவேண்டும். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் கூடினால் அந்த வயர் இல்லை அல்லது அறுந்திருக்கிறது என்று பொருள்.

தந்தியில்தான் நம்மூர்த் தவறு அதிகம். வீணையின் மந்தரத் தந்திகளைப் போடுகிறார்கள். செம்பு, பித்தளை சுற்றிய தந்தியைக் காந்தம் சரியாகப் பிடிக்காது, சத்தம் நோஞ்சானாக வரும். நிக்கல் அல்லது எஃகு சுற்றியவையே வேண்டும். சி சிக்ஸ் (C6) என்ற சுருதிக்கு, தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை சி, இ, ஜி, ஏ, சி, இ. அதற்குத் தந்திகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில், 36, 30, 24, 22, 18, 15. சாதாரணக் கிட்டார் செட்டை அப்படியே மாட்டி இந்தச் சுருதிக்கு முறுக்கினால், தடித்த தந்திகள் அளவுக்கு மீறி இழுக்கும்.

கடைசியாக மேற்பூச்சு. பழைய பூச்சு துளியேனும் மிஞ்சியிருந்தால் ஈரத்துணியோடு நிறுத்துங்கள். முழுக்கச் சுரண்டிய மரம் என்றால் அரை லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 60 கிராம் அரக்கு கரைத்த பிரெஞ்சு பாலிஷ், இரண்டு மூன்று கை. ஸ்பிரிட்டிலேயே மறுபடி துடைத்தெடுக்கலாம் என்பதால் சொல்கிறோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடித்தால் ஈரம் பிடித்துப் பால்போல் வெளுக்கும், தை பிறக்கட்டும்.

தங்கள் குறிப்பை மறுபடி வெளியிடும் எண்ணம் இருந்தால் தின்னர், மக்கு என்ற இரண்டு சொற்களையாவது எடுத்துவிட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தந்திக்கருவி பழுதுபார்ப்போர்,
கும்பகோணம்