வலக்கண்ணில் ஒரு பச்சைச் சுடர்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய போஸ்டர் நேற்று வந்து சேர்ந்தது. வெளிர்மஞ்சள் பின்னணியில் கறுப்புத் தொப்பி, கண்ணாடி, குறுந்தாடி ஆகிய மூன்றை மட்டும் வரைந்து, முகம் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, 'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் போதைப்பொருள் தயாரிப்பவராக மாறும் வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட்டைக் கண்முன் நிறுத்தியிருக்கிறாய்.

இந்த மூன்றையும் வைத்து ரசிகர்கள் வரைந்த போஸ்டர்கள் ஏராளம். அந்தத் தொப்பியே 2015இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஆனால், மூன்றாம் பருவத்தின் முதல் அத்தியாயத்தை நினைத்துப் பார்: மெக்சிகோவில் மரண தேவதையின் சன்னிதிக்கு மண்ணில் ஊர்ந்து செல்லும், வால்டரைக் கொல்லத் துடிக்கும் இரட்டையர் அங்கே வைப்பதும் தொப்பியும் கண்ணாடியுமாக வரைந்த ஒரு படத்தைத்தான். ரசிகர்கள் ஆசையோடு சுவரில் மாட்டும் அதே உருவம், கதைக்குள் ஒரு கொலைக்கான வேண்டுதல். இதை மறந்து வரையும்போது வால்டர் வெறும் வீரராகிவிடுகிறார்.

நீ மறக்கவில்லை. வலப்பக்கக் கண்ணாடியில் நீ வைத்திருக்கும் சிறு பச்சைச் சுடரைப் பார்த்ததும் எனக்கு 2008இல் வெளியான முதல் அத்தியாயம் நினைவுக்கு வந்தது. ஆல்புகெர்க்கி நகரத்துப் பள்ளி வகுப்பறையில், கவனிக்காத மாணவர்கள் முன்னால் சுடரின் மீது கரைசல்களைத் தெளித்து, அது நிறம் மாறுவதைக் காட்டியபடி, வேதியியல் என்பது மாற்றத்தைப் பற்றிய படிப்பு என்று சொல்லும் வால்டரை, முப்பது ஆண்டுகள் அதே பாடத்தை நடத்திய என்னால் மறக்க இயலாது. பேரியம் உப்பு சுடரில் பச்சையாக எரிவதை நம் ஆய்வகத்தில் நீ முதன்முதலாகப் பார்த்த நாளும் நினைவிருக்கிறது. தொடரின் பெயர்ப்பலகையில் புரோமினின் குறியீடான Br-ஓடு Ba என்று நிற்பதும் அதே பேரியம்தானே, அணு எண் 56!

ஒன்று மட்டும் கேட்கிறேன். கீழே பெரிய எழுத்துகளில் 'ஹைசன்பெர்க்' என்று எழுதியிருப்பதை எடுத்துவிடு. தன்னை மறைத்துக்கொள்ள ஓர் இயற்பியலாளரிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட பெயர் அது. அதை அவ்வளவு பெரிதாக எழுதும்போது சுடருக்குப் போக வேண்டிய கண் எழுத்திலேயே நின்றுவிடுகிறது. பெயரில்லாத பிரதி ஒன்றை அச்சிட்டு அனுப்பு. என் மேசைக்கு எதிர்ச்சுவரில் இடம் ஒழித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் வேதியியல் ஆசிரியர்