கன்னத்துக்குள் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கும், அவர்களுக்குப் பயிற்சி தரும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள சகோதரிகளே, வணக்கம்.

நான் தாலுகா அளவிலான அரசு மருத்துவமனையில் பல் மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் உங்கள் திட்டம் தொடங்கியபோது எனக்கு வந்த முதல் நினைப்பு, இது அந்த அம்மாவுக்குக் கிடைக்காமல் போய்விட்டதே என்பதுதான்.

அந்த அம்மா களையெடுக்கப் போகிறவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, போயிலை நான்கையும் வலது கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டே வேலை செய்வார். அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு படை வந்து, பிறகு புண்ணாகியிருக்கிறது. 'சூட்டுப் புண்' என்று மோர் குடித்துப் பார்த்திருக்கிறார். பிறகு காட்டிய இடத்தில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் தடவ ஒரு மருந்தும் கொடுத்தார்கள். நான்கு மாதம் அப்படியே போனது. என்னிடம் வந்தபோது வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை, கழுத்தில் கட்டி. "வலிக்கவே இல்லையேம்மா, அதான் சும்மா இருந்துட்டேன்" என்றார். அந்த நான்கு மாதத்தில் ஒருவர்கூட அவரை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கவில்லை.

வாய்ப் புற்றுநோயின் தொடக்கம் வலிக்காது. வலிக்காததால் தேடி வரமாட்டார்கள். தேடிப் போகிற ஒருவர்தான் அதைப் பிடிக்க முடியும். அந்த ஒருவர் நீங்கள்தான். முப்பது வயது தாண்டியவர்களிடம் நிரப்பும் தொற்றாநோய்ப் படிவத்தில் ஆறாத வாய்ப்புண் உண்டா, வாய் திறக்கச் சிரமமா என்ற கேள்விகள் இருக்கின்றன. கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். தன் கன்னத்தின் உள்பக்கத்தை யார் பார்த்திருக்கிறார்கள்? நான் கேட்பது இது ஒன்றுதான்: கேள்வியோடு நிறுத்தாமல் திறந்து பாருங்கள்.

டாக்டருக்குப் படிக்காத நாம் பார்த்து என்ன தெரியப் போகிறது என்று தயங்க வேண்டாம். 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தவர்கள் மருத்துவர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரிகள். 2005இல் முடிவு வெளியானது. புகையிலை, மதுப் பழக்கம் இருந்தவர்களிடையே, இப்படிப் பார்க்கப்பட்ட பகுதிகளில் வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது. கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் நடந்ததை நம்மால் செய்ய முடியாதா?

சரி, எப்படிப் பார்ப்பது? வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். திண்ணையில் வெளிச்சத்தைப் பார்க்க உட்கார வைத்து, செல்போன் டார்ச்சை அடியுங்கள். கையுறை போட்ட விரலால் கன்னத்தை விலக்கி இரண்டு பக்கமும் பாருங்கள், குறிப்பாக வெற்றிலை ஒதுக்குகிற இடத்தை. அவரே காட்டிவிடுவார். உதட்டின் உள்பக்கத்தையும் விட வேண்டாம். இப்போது சின்னப் பையாக வரும் புகையிலையைப் பையன்கள் அங்கேதான் வைக்கிறார்கள். நாக்கின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். நாக்கை நீட்டச் சொல்லி, துணியால் பிடித்து இரண்டு ஓரங்களையும் பாருங்கள். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பாருங்கள். ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான்.

வெள்ளைப் படை தெரிந்தால் பஞ்சால் லேசாகத் துடையுங்கள். தயிர் ஒட்டியதுபோல் வழித்துக்கொண்டு வந்தால் பெரும்பாலும் காளான் தொற்று; சர்க்கரை கட்டுப்படாதவர்களிடமும் பல்செட்டைக் கழற்றாமல் தூங்குகிறவர்களிடமும் அடிக்கடி வரும். துடைத்தும் போகவில்லை என்றால் பல் மருத்துவரிடம் அனுப்பி வையுங்கள். வெல்வெட் துணிபோல் சிவந்த திட்டு வெள்ளைப் படையைவிட ஆபத்தானது, அதற்கு ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. சாதாரண வாய்ப்புண் சுரீரென்று வலிக்கும், பத்து நாளில் ஆறிவிடும். உடைந்த பல் குத்தி வந்த புண், அந்தப் பல்லைச் சரிசெய்ததும் ஆறும். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், ஓரம் தடித்துக் கெட்டியாக இருக்கும் புண், பல் பிடுங்கி வாரக்கணக்கில் மூடாத குழி, காரணமே இல்லாமல் ஆடும் ஒற்றைப் பல், ஒரு பக்கத்துக் காதுவலி, கழுத்துக் கட்டி, இவை எதுவும் சூட்டுப் புண் கணக்கில் வராது.

அப்புறம், வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க மூன்று விரல் சோதனை. அவரவர் மூன்று விரலைச் சேர்த்துச் செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவே விடச் சொல்லுங்கள். போகவில்லையென்றால், "காரம் பட்டா எரியுதா?" என்று கேளுங்கள். பாக்கு மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் வெளுத்து நார் நாராக இறுகிவிடும். இருபது வயதுப் பையன்களிடம் இதைப் பார்த்து நான் தூக்கம் கெட்டிருக்கிறேன். போயிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இலேயே அறிவித்துவிட்டது. கல்யாண வீட்டில் தட்டில் வைத்து நீட்டுகிற பொருள் என்பதால் இதைச் சொன்னால் நம்ப மறுப்பார்கள். பொறுமையாகச் சொல்லுங்கள்.

தேவையில்லாமல் யாரையும் பயமுறுத்திவிடவும் கூடாது. நம் மக்களுக்கு ஈறு கருப்பாக இருப்பது இயல்பு. நாக்கின் மேல்பக்கத்தில், தொண்டையை ஒட்டிய பின்பகுதியில் வரிசையாகத் தெரியும் பெரிய மொட்டுகள் எல்லாருக்கும் உண்டு. அண்ணத்தின் நடுவில் எலும்புபோல் கெட்டியான மேடு சிலருக்கு இளவயதிலிருந்தே இருக்கும். கன்னத்தில் ரவை தூவியதுபோல் தெரியும் மஞ்சள் புள்ளிகளும் நோய் இல்லை.

நீங்கள் சர்க்கரை மாத்திரை கொடுக்கிற வீடுகளில் ஈறையும் பாருங்கள். ஈறு வீங்கி ரத்தம் கசிந்து, பற்கள் ஆடினால் 'வயசாச்சு' என்று விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. நாக்கு வழவழவென்று வெளுத்து, வாயோரம் வெடித்திருந்தால் ரத்தசோகையைச் சந்தேகியுங்கள். பால் புட்டியோடு தூங்கும் குழந்தையின் மேல்வரிசை முன்பற்களில் சுண்ணாம்புக் கோடு தெரிந்தால் சொத்தை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பூச்சிப்பல் என்கிறோமே தவிர, அதில் பூச்சி எதுவும் கிடையாது. கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்துப் பூச்சி எடுப்பதாகச் சொல்கிறவர்களிடம் போய் நாளைக் கடத்த வேண்டாம் என்று தாய்மாரிடம் சொல்லுங்கள்.

இனி துறைக்கு. இந்தப் பெண்களிடம் ஏற்கெனவே நிறைய வேலை இருக்கிறது, அதைத் தெரிந்தேதான் கேட்கிறேன். கையுறையும் டார்ச்சும் அவர்கள் பையில் இருக்கட்டும். பாடமாக நடத்தாமல் படங்களைக் காட்டி, நேரில் நோயாளிகளை வைத்து ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். அதைவிட முக்கியம், அவர்கள் எழுதித் தரும் சீட்டோடு வருகிறவர் வரிசையில் அலையாமல் அன்றைக்கே பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாத்திரையோடு திருப்பி அனுப்பாமல், தேவைப்பட்டால் அங்கேயே சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்ற பயத்தில் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். அவர்களைக் கூட்டி வரக்கூடியவரும் வாசலில் தினம் பார்க்கிற இந்தப் பெண்தான். அதனால் முடிவு என்னவென்று அவருக்கும் தெரிவியுங்கள்.

பயிற்சிக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். எந்த ஒன்றியமாக இருந்தாலும் சரி, எனக்குப் பயணப்படி வேண்டாம். என் பழைய படங்களும் கைக்கண்ணாடியும் இன்னும் பத்திரமாக இருக்கின்றன.

அன்புடன்,
ஓய்வுபெற்ற அரசுப் பல் மருத்துவர் ஒருவர்